பேரைச் சொல்லிட்டு உள்ளே வாங்க

"ஏனுங்க்கா, இன்னைக்கு எச்.ஓ.டி. சார் மூஞ்சி எப்படி இருக்குது?"

காலையில் டீ டம்ளரை மேசையில் வைத்ததும் மேடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். மற்றவர்கள் காலண்டரில் ராகுகாலம் பார்ப்பார்கள். மேடத்துக்கு சாரின் மூஞ்சி.

"பிதுக்கின அவரைப் பருப்பாட்டம் வழவழன்னு இருக்குது மேடம். புதுசா ஷேவிங்."

"நாமம்?"

"நேரா இருக்குது."

"அப்ப வீட்டுல சண்டை இல்லை. லீவு கேக்கலாம்."

மேடத்துக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. அதனால் என்ன? அந்த டிபார்ட்மெண்டில் யார் மூஞ்சி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு அவரவர் வீட்டிலேயே தெரிந்திருக்காது. எல்லாம் நான் கொடுத்த கண். கொஞ்சம் கூட்டிக் குறைத்துத்தான் கொடுப்பேன். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு நான் வைத்த மூக்கை அந்த அம்மா கேட்டிருந்தால் என் பாய்லரைத் தூக்கி ரோட்டில் எறிந்திருப்பார்.

தொண்ணூறுகளில் நடந்தது இது. மைசூரில் யூனிவர்சிட்டிக்குள், ஒரு டிபார்ட்மெண்டின் மாடிப்படிக்கு அடியில் நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்காதீர்கள். சொன்னால் ரிடையரான நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். கம்ப்யூட்டர் என்று ஒன்றை வாங்கி வைத்து, அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும் என்றிருந்த காலம். என் வீட்டுக்காரர் தர்மபுரியிலிருந்து கொத்து வேலைக்கு வந்தவர். நான் அவர் பின்னால் மூட்டையோடு வந்தவள். மேடம் ஹனூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். அந்தப் பக்கத்துத் தமிழ் கோயமுத்தூர்க்காரர்கள் பேசுகிற மாதிரி மரியாதையாக இழுத்துக்கொண்டு வரும். அவரோடு தமிழில் வம்பு பேச அங்கே வேறு ஆள் கிடையாது; மற்றவர்கள் பேசின கன்னடத்தைத்தான் இங்கே தமிழாக்கிச் சொல்கிறேன். என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஆள் உயரம். கஞ்சி போட்ட காட்டன் புடவை. வளையலும் பொட்டும் புடவைக்குப் பொருந்தாவிட்டால் வகுப்புக்கே போகமாட்டார். "இது நீலம்"னு சொன்னால் போதாது. "எந்த நீலம்? கத்திரிப்பூவா, மயில் கழுத்தா?" என்பார். ஒரு நாள் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். சாயங்காலம் நேராக வந்து, "மூணு பேரு கேட்டாங்க, ஏன் மேடம் வளையல் வேற கலர்னு. நாளைக்கு எனக்கு டீ வேண்டாம். காபிக் கடைக்குப் போறேன்" என்றார். அதற்குப் பிறகு மயில் கழுத்து என்றால் மயில் கழுத்துதான். மூக்கு விஷயத்தில் மட்டும் என் கைவரிசையை விடவில்லை.

அவருக்குக் கிடைத்திருந்தது ஒரு வருஷத் தற்காலிக வேலை. வருஷம் முடிவதற்குள் ஒரு கமிட்டி வந்து பாடம் நடத்துவதைப் பார்க்கும். சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கொள்ளேகால் பஸ் பிடித்து, அங்கிருந்து ஹனூர் பஸ். ஊரில் ரெண்டாம் தாரமாகக் கொடுக்க ஓர் ஆளைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

"வேலை போச்சுன்னா அந்த ஆளுக்குக் களி கிண்டிப் போட்டுட்டுக் கிடக்கணும்க்கா. அவரு மூஞ்சி எப்படீன்னு கேக்கக்கூட அங்க ஆள் இருக்காது" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். டம்ளரைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப் போயிருந்தன.

வந்த புதிதில் டிபார்ட்மெண்டே அவர் மேல் பாசத்தைக் கொட்டியது. அதுதான் தொல்லை. படியில் கால் வைத்தால் ரெண்டு பேர் வந்து கையைப் பிடித்துத் தூக்குவார்கள். அட்டெண்டன்ஸ் எடுக்க டைப்பிஸ்ட் அம்மா ஓடுவார். பியூன் ஒரு பக்திமான், கன்னடக்காரர். மேடத்துக்குக் காற்று வரட்டும் என்று தினம் மேசையை நகர்த்தி நகர்த்தி ஜன்னல் பக்கம் போடுவார். தினம் மேடம் அதில் இடித்துக்கொள்வார். "பாப, கண்ணு தெரியல்ல அல்வா" என்று, அதாவது 'பாவம், கண் தெரியாதல்லவா' என்று பியூன் கண் கலங்கி, மறுநாள் இன்னும் கொஞ்சம் நகர்த்துவார்.

எச்.ஓ.டி. சார் மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். வீட்டில் ஏதோ பழங்காலத்துத் தமிழ் பேசுவார்கள். எங்களோடு பேசும்போது அதையும் கன்னடத்தையும் போட்டுக் கிண்டி ஒரு பிசிபேளா பாத் செய்துவிடுவார். நல்ல மனுஷர். "அவளுக்கு ஒரு சிரமமும் வைக்கப்படாது" என்று உத்தரவே போட்டிருந்தார்.

மேடம் அவரிடம் போய்ச் சொன்னார்: "சார், என்னைத் தசராவுல சாமுண்டி அம்மனைத் தூக்கறாப்பல தூக்கிட்டுத் திரியறீங்க. ஊர்வலம் முடிஞ்சா அம்மனை உள்ள வச்சுப் பூட்டிருவீங்கல்ல? அதான் பயமா இருக்குதுங்க."

சார் சிரித்தார். ஆனால் விளங்கவில்லை. அதனால் மேடம் தன் வழியில் இறங்கினார்.

ஒரு நாள் சார் சத்தம் போடாமல் அவர் அறைக்குள் போய், புள்ளி புள்ளியாகக் குத்தின காகிதத்தை மேடம் விரலால் படிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மேடம் தலையைத் தூக்காமலே, "அக்கா, வந்துட்டீங்களா? ஒரு டீ. சக்கரை தூக்கலா. அப்படியே அந்த ஜன்னலைச் சாத்திட்டுப் போங்க" என்றார்.

சார் ஜன்னலைச் சாத்தினார். படியிறங்கி என்னிடம் வந்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒரு டீ. சக்கரை தூக்கலாக் கேட்டா." டம்ளரைத் தானே ஏந்திக்கொண்டு மாடியேறினார். நான் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன்.

"நிஜமாவே தெரியலையா மேடம்?" என்று பிறகு கேட்டேன்.

"சாரு மூக்குப்பொடி வாசம் கேட்டுலயே வந்துருமேக்கா."

"அப்புறம் ஏன்?"

"பேரைச் சொல்லாம வந்து நின்னா, யாரா இருந்தாலும் எனக்கு டீக்கார அக்காதான்."

"அப்படி என்ன டீக்காரின்னா இளப்பம்?"

"இளப்பமா? இந்தக் கட்டடத்துல நான் வேலை ஏவக்கூடிய ஒரே ஆளு நீங்கதானுங்க்கா."

அதோடு விடவில்லை. அக்கவுண்ட்ஸ் கிளார்க் சத்தமில்லாமல் உள்ளே வந்து டம்ளர் கழுவினார். கோட்டு போட்ட ஒரு புரொபசர், வருகிறவர்களை வாயே திறக்காமல் தலையசைத்து அனுப்புகிறவர், குப்பைக்கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஒரு மாதத்தில் எல்லோரும் திருந்திவிட்டார்கள். "மேடம், நான் டைப்பிஸ்ட், உள்ள வர்றேன்." "மேடம், நான்தான், மேப் புரொபசர், போறேன்." போகும்போது சொல்லாமல் போனால் காலி நாற்காலியோடு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார், போனவர் திரும்பி வந்து அதைக் கேட்டு வெட்கப்படும்வரை நிறுத்தமாட்டார்.

இந்தப் பழக்கம் வீடுவரை தொற்றிக்கொண்டது. எச்.ஓ.டி. சார் வீட்டு மாமி ஒரு நாள் ஆபீசுக்கே வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "உள்ள நுழையறச்சே 'நான்தான் வந்துட்டேன், உன் இடது பக்கம் நிக்கறேன்'ங்கறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. உடம்புக்கு ஏதாவதா?"

"இல்லை மாமி, குணமாகிட்டு வர்றாரு" என்றேன்.

மேப் புரொபசர் கதை வேறு. அவர் போர்டில் மேப் போட்டு, கோடு கோடாக இழுத்து, "இது இப்படிப் போய், அது அங்க வந்து, இதோட சேருது" என்று பாடம் நடத்துவார். மேடம் அவர் வகுப்பில் போய் முன் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "சார், எது எங்க போயி எதோட சேருதுங்க?" என்றார். புரொபசர் விழித்தார். பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "காவிரி தெற்கே திரும்பி" என்று வாயால் சொல்ல ஆரம்பித்தார். கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர்களுக்கும் அதுவரை இது எது, அது எது என்று தெரிந்ததில்லையாம்.

எனக்கும் ஒரு லாபம். எழுத்துக்கும் எனக்கும் சின்ன வயதிலேயே பேச்சுவார்த்தை நின்றுபோய்விட்டது. நோட்டீஸ் போர்டுக்குக் கீழேதான் என் பாய்லர். அதில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மேடம் வந்த பிறகு பியூன் நோட்டீஸ் ஒட்டினால் அங்கேயே நின்று உரக்கப் படிக்கவேண்டும் என்று ஆயிற்று. கோயில் மணி மாதிரி கணீரென்று படிப்பார். யாருக்கு டிரான்ஸ்பர், யார் சம்பளம் பிடித்தம் என்று எல்லாம் முதலில் என் காதுக்கு வந்தது. டீ வியாபாரமும் சூடு பிடித்தது. மேசையும் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. "காத்து எனக்கு வேண்டாங்க, மேசை நேத்து இருந்த இடத்துல வேணும்" என்று மேடம் ஒரு நாள் பியூனின் கையைப் பிடித்து, அந்தக் கையாலேயே தன் நெற்றி வீக்கத்தைத் தடவிக் காட்டினார். அதற்குப் பிறகு மேசையில் யாராவது சாய்ந்தாலே பியூனுக்குக் கோபம் வரும்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

தசரா லீவுக்கு முந்தின நாள் டிபார்ட்மெண்டில் பூஜை. அவரவர் வயிற்றுப்பாட்டுக்கு எதைப் பிடிக்கிறார்களோ அதை சாமுண்டி அம்மன் படத்தின் முன்னால் வைக்கவேண்டும். டைப்ரைட்டர், கத்தரிக்கோல், சாவிக் கொத்து, என் பாய்லர், வடிகட்டி எல்லாம் சேவந்திப் பூவும் குங்குமமுமாக உட்கார்ந்திருக்கும். வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை பண்ணித்தான் எடுக்கலாம். நடுவில் தொட்டால் அம்மன் கோபம் என்பது பியூனின் சட்டம்.

பியூன் தாம்பாளத்தோடு மேடத்திடம் வந்து தயங்கி நின்றார். மேடம் தன் வெள்ளைத் தடியைச் சந்தோஷமாகக் கொடுத்தார். "குங்குமம் தாராளமா வைங்க. போன வாரம் ஒரு நாய் மேல பட்டுருச்சு. தீட்டுக் கழியட்டும்." பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்: "எச்.ஓ.டி. சாரு என்ன வச்சாரு?"

"பேனா" என்றேன்.

"பேனா எல்லாரும் வைப்பாங்க. என் கைக்குத் தடி எப்படியோ அப்படித்தானுங்களே சாரு மூக்குக்குக் கண்ணாடி? அம்மன் முன்னால நான் மட்டும் வெறுங்கையா நிக்கறதா?"

சாரின் கண்ணாடி சோடா பாட்டில் அடி மாதிரி கனம். அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "நியாயம்தானே" என்று கழற்றித் தடியின் பக்கத்தில் வைத்தார். திரும்பி, வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பார்த்து, "வாங்கோ வாங்கோ, உள்ள வாங்கோ" என்று கும்பிட்டார். மேடத்துக்கு அதை நான் சொன்னபோது அவருக்குப் புரையேறிவிட்டது.

பூஜை முடிந்தது. தரை கழுவுவதற்காக மேசை நாற்காலியெல்லாம் வராந்தாவில் தாறுமாறாக அடுக்கியிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் பூசணிக்காய் உடைத்து, குங்குமமும் சதையுமாகக் கால் வைத்தால் வழுக்கும். நாங்கள் சுண்டல் தின்று கொண்டிருந்தோம். கேட்டில் ஒரு கார் வந்து நின்றது.

கமிட்டி.

லீவு முடிந்துதான் வருவதாக இருந்தது. பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு தசரா பார்க்க வந்த மூன்று பேரும், இதற்காக இன்னொரு தடவை வருவானேன் என்று நினைத்துவிட்டார்கள். யானை பார்ப்பதற்கு முன்னால் மேடத்தைப் பார்த்துவிட்டால் ஒரு வேலை முடிந்ததல்லவா? வராந்தாவின் கடைசியில் இருந்த பெரிய வகுப்பறையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். சுண்டலுக்குக் காத்திருந்த பிள்ளைகளை டைப்பிஸ்ட் அம்மா கோழி அடைக்கிற மாதிரி உள்ளே தள்ளினார்.

எச்.ஓ.டி. அறையில் சாரும் மேடமும் நாங்களும் நின்றோம்.

"தடியை எடுய்யா" என்றேன் பியூனிடம்.

"அய்யோ டீயம்மா, ஆகல்ல, முடியாது! அம்மன் முன்னாடி வச்சாச்சு."

"அம்மன்கிட்ட நான் பேசிக்கறேன். எடு."

"அவன் சொல்றது சரிதான்" என்றார் சார், கண்ணைச் சுருக்கி, முகத்துக்குப் பதில் என் காதைப் பார்த்து. "மறுபூஜை ஆகாம எடுக்கப்படாது. நானும்தான் எடுக்கலை."

டைப்பிஸ்ட் அம்மா மேடத்தின் கையைப் பிடித்தார். "நான் கூட்டிட்டுப் போறேன் மேடம்."

மேடம் கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. அன்றுதான் நான் அந்த முகத்தைச் சிரிப்பில்லாமல் பார்த்தேன். "என்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றதை அவங்க பாத்தாங்கன்னா, பாடமே கேக்க வேண்டியதில்லைங்க. மனசுக்குள்ள அப்பவே முடிஞ்சுரும்."

சார் ஏதோ சொல்ல முன்னால் வந்து, வாசலோரம் கிடந்த நாற்காலியில் முட்டி, "அம்மாடி!" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

மேடத்தின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. "சார், உங்களுக்கு ஒண்ணுமே தெரியலைங்களா?"

"எல்லாம் மோர்க்கூழ் மாதிரி இருக்கு."

"அப்பச் சரி. என் முழங்கையைப் பிடிச்சுக்குங்க. நான் அரையடி முன்னால போறேன்."

"நீ என்னையா?"

"உங்களுக்கு இன்னைக்குத்தானுங்க பழக்கம். எனக்குப் பொறந்ததுலேருந்து."

யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. நாங்களாகவே ஓடிப் போய் வராந்தாவில் ஆளுக்கோர் இடத்தில் நின்றுகொண்டோம். இத்தனை மாசமாகப் பழகின வாய், தானாகத் திறந்தது.

"மேடம், நான் டைப்பிஸ்ட். உங்க இடது பக்கம் மேசை அடுக்கியிருக்கு."

"மேப் புரொபசர். நேரா வாங்க. வாழைமரம் வலது பக்கம். சார், அது வாழைமரம், கும்பிட வேண்டாம்."

"டீக்காரி இங்க! பூசணிக்காய் சிதறிக் கிடக்குது, சுவரோரமா ஒதுங்குங்க. சார், வேட்டியைத் தூக்கிக்குங்க!"

மேடம் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தெரிந்த தெருவில் நடக்கிற மாதிரி வந்தார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஈரத்தரையில் பூனை நடக்கிற மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார் டிபார்ட்மெண்ட் தலைவர். வகுப்பறை வாசலுக்கு வந்ததும், உள்ளே கமிட்டிக்காரர்கள் எழுந்து நின்றே விட்டார்கள்.

"சாருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் சேர்மன். மீசை பெரியது. மற்ற ரெண்டு பேரும் அவர் மீசையைப் பார்த்துத்தான் தலையாட்டுவார்கள்.

"திவ்யமா இருக்கேன். கண்ணாடி பூஜையில இருக்கு. நீங்க யார் யார்னு ஒவ்வொருத்தராப் பேர் சொல்லுங்கோ" என்றார் சார். சொன்னார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

பாடம் நன்றாகப் போனது. எனக்குப் பாடம் விளங்காது. பிள்ளைகள் சுண்டலை மறந்து உட்கார்ந்திருந்ததை வைத்துச் சொல்கிறேன். முடிந்ததும் மேடம் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கமிட்டிக்குப் புளியோதரை இலையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் சேர்மன் அந்த வேலையைச் செய்தார். எச்.ஓ.டி. சார் பக்கம் திரும்பினார். வாயைத் திறக்கவில்லை. மேடம் இருக்கிற பக்கம் கட்டைவிரலைக் காட்டினார். தன் கண்ணைத் தொட்டார். ரெண்டு கையையும் விரித்தார். கண் தெரியாதவர் முன்னால் கண் உள்ளவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அவருக்கு என்ன தெரியப் போகிறது என்ற தைரியம்.

சார் சும்மா உட்கார்ந்திருந்தார்.

சேர்மன் மறுபடியும் கையை விரித்தார், இன்னும் பெரிதாக.

"யாராவது ஏதாவது சொல்றேளா? நேக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் சார்.

என் வாய் பழகின வாய் அல்லவா? "சேர்மன் சார் மேடத்தைக் காட்டுறாரு. அப்புறம் தன் கண்ணைத் தொடுறாரு. அப்புறம் வாழைப்பழம் கிடைக்காத கொரங்காட்டம் கையை விரிக்கிறாரு சார்" என்றேன்.

சேர்மன் மீசை துடித்தது.

"அதை வாயாலேயே கேட்டுடுங்கோ" என்றார் சார் அமைதியாக. "அவ இங்கதானே இருக்கா."

சேர்மனுக்குக் கையால் சுலபமாகச் சொன்னது நாக்கில் ஒட்டிக்கொண்டது. "அது வந்து... பரீட்சை ஹால்ல... பிள்ளைங்க காப்பி அடிச்சா... இந்த அம்மா எப்படி..."

மேடம் எழுந்து நின்றார். "தனியா என்னால முடியாதுங்க சார்."

போச்சு, ஹனூர் பஸ் என்று நினைத்தேன்.

"கூட ஒருத்தர் நிக்கணும். அவங்க பாக்கட்டும், நான் கேக்கறேன். காகிதம் கை மாறுற சத்தம் எனக்குத்தான் முதல்ல கேக்கும். கண்ணு இருக்கறவங்க இத்தனை வருஷம் தனியா நின்னு எத்தனை பேரைப் பிடிச்சாங்கன்னு இவங்களையே கேளுங்க."

பரீட்சை ஹாலில் நாற்காலியிலேயே குறட்டை விடுகிற மேப் புரொபசர் மேலே விட்டத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். டைப்பிஸ்ட் அம்மா என் இடுப்பைக் கிள்ளினார்.

"நான் நிப்பேன் கூட" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

"நானும்" என்றார் மேப் புரொபசர், விட்டத்திடம்.

எச்.ஓ.டி. சார் தொண்டையைச் செருமினார். "யோசிச்சு முடிவு பண்ணுங்கோ. ஆனா ஒண்ணு. இவளை வேண்டாம்னு அனுப்பிட்டா, இப்ப என்னை வீட்டுல கொண்டுபோய் விடறது யாரு?"

முதலில் சிரித்தது கமிட்டியிலேயே ஒல்லியானவர். மீசையைப் பார்க்காமலே சிரித்துவிட்டார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. மூன்று பேரும் ஜன்னலோரம் போய்க் குசுகுசுத்தார்கள். நான் புளியோதரையைச் சாக்கு வைத்துக் கிட்டே போகப் பார்த்தேன். பியூன் என் முந்தானையைப் பிடித்து இழுத்துவிட்டார். மேடம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல்கள் வெளுத்திருந்தன.

சேர்மன் திரும்பி வந்தார். மேடத்துக்கு நேர் எதிரில் நின்றார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, மைக் இல்லாத மீட்டிங்கில் பேசுகிற மாதிரி கத்தினார்: "அம்மா! நான் சேர்மன்! உங்க எதிர்ல நிக்கிறேன்! லீவு முடிஞ்சதும் ஆர்டர் வரும்! உங்க வேலை நிரந்தரம்!"

ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்துபோயின.

மேடம் நாற்காலியை விட்டுக் கையை எடுத்தார். பிறகு அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"சார், எனக்குக் கண்ணுதானுங்க தெரியாது. காது நல்லாவே கேக்கும்."

சேர்மன் முகம் குங்குமமாகிவிட்டது.

"ஆனா அந்தக் கடைசியாச் சொன்னதை மட்டும், அதே சத்தத்துல இன்னொருக்காச் சொல்லிருங்க."

சொன்னார். கீழே கேட்டில் நின்ற வாட்ச்மேன் கைதட்டியது மாடிவரைக்கும் கேட்டது.